நம் நிறத்துக்கும் இந்த ஊர் ஈரத்துக்கும் ஏற்ற மேட் ஒப்பனை

மேட் ஒப்பனை, அதாவது பளபளப்பில்லாத ஒப்பனை, என்றதும் பலரும் முதலில் கையில் எடுப்பது பவுடர் டப்பாவைத்தான். முகம் மாவு அப்பியதுபோல் தெரிவதற்கும் பெரும்பாலும் அதுவே காரணமாகிவிடுகிறது. தோல் நிறத்தைச் சீராக்கும் பவுண்டேஷனைப் பூசுவதற்கு முன்பே முகத்திலுள்ள எண்ணெயைக் குறைத்துவிட்டு, பவுடரைக் கடைசியில், வேண்டிய இடத்தில் மட்டும் வைத்தால்தான் பளபளப்பு அடங்கியும் தோல் தோலாகவே தெரியும் என்பது என் உறுதியான கருத்து.

சிங்கப்பூரின் காற்று இந்த விஷயத்தில் எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை. விடியலுக்குச் சற்று முன் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டியிருக்கும். மழையில்லாத நாள்களில் பிற்பகலில்தான் 60 விழுக்காட்டை ஒட்டி இறங்கும். காலையில் ஒப்பனை செய்துகொண்டு அடுக்குமாடி புளோக்கிலிருந்து பெருவிரைவு ரயில் நிலையம் வரை நடப்பதற்குள், வியர்வை எளிதில் ஆவியாக முடியாமல் முகத்திலேயே நின்றுவிடுகிறது. அதன் பிறகு ரயிலிலும் அலுவலகத்திலும் மணிக்கணக்கில் குளிர்சாதனக் காற்று தோலின் மேற்பரப்பை உலர்த்துகிறது. மூக்கில் எண்ணெய் வழியும் அதே முகத்தில் உதட்டோரம் வறண்டு போவது இதனால்தான். முகம் முழுவதும் ஒரே அளவில் பவுடர் போட்டால், எண்ணெய் உள்ள இடத்தில் அது திட்டுத்திட்டாகவும் வறண்ட இடத்தில் பொருக்காகவும் நிற்கும்.

ஆகவே எண்ணெய்ச் சருமம் உள்ளவர்களும் ஈரப்பசைக் களிம்பைத் தவிர்க்கக் கூடாது. கனமில்லாத ஜெல் வகையை மெல்லியதாகப் பூசினால் போதும். அதற்கு மேல் சன்ஸ்க்ரீன். நண்பகலில் புற ஊதாக் கதிர்க் குறியீடு சில நாள்களில் 11ஐயும் எட்டும் ஊரில் இதை விட்டுவிட இடமே இல்லை. இரண்டும் தோலில் படியச் சில நிமிடங்கள் காத்திருந்து, ஒரு டிஷ்யூவை முகத்தில் விரித்து உள்ளங்கையால் மெதுவாக ஒற்றி எடுக்க வேண்டும். தேய்க்கக் கூடாது. டிஷ்யூவில் பதியும் எண்ணெய்த் தடத்தைப் பார்த்தாலே, பவுடர் எங்கே தேவைப்படும் என்பது தெரிந்துவிடும். பவுண்டேஷனுக்கு அடியில் பூசும் பிரைமரையும் அந்த இடங்களில் மட்டும், அதாவது மூக்கின் இருபுறம், நெற்றி நடு, முகவாய் ஆகியவற்றில் விரல் நுனியால் அழுத்தி வைக்கலாம். டைமெத்திகோன் போன்ற சிலிகான் கலந்த பிரைமரின் மேல் நீர் கலந்த பவுண்டேஷனைப் பூசினால் சில சமயம் அது இழைஇழையாகத் திரண்டு உருண்டு வந்துவிடும். இரண்டும் ஒரே வகையாக இருப்பது நல்லது.

நம்மவர்கள் அதிகம் ஏமாறுவது நிறத்தில்தான் என்று நினைக்கிறேன். பவுண்டேஷன்களில் வெள்ளைக்கு டைட்டானியம் டை ஆக்சைடும், மஞ்சள், சிவப்பு, கறுப்புச் சாயல்களுக்கு இரும்பு ஆக்சைடுகளும் சேர்க்கப்படுகின்றன. வெள்ளை மிகுந்து மஞ்சள் குறைந்த கலவை மாநிறத்தின் மேலும் கறுப்பு நிறத்தின் மேலும் சாம்பல் பூத்ததுபோல் தெரியும். பளபளப்பு அந்தச் சாம்பலை ஓரளவு மறைக்கும், மேட் ஒப்பனையில் அதற்கு மறைவிடமே கிடையாது. கடையின் குழல் விளக்குகளை நம்பாமல், தாடையோரம் ஒரு கோடு இழுத்து, வெளியே பகல் வெளிச்சத்துக்கு வந்து சிறிது நேரம் கழித்துக் கண்ணாடியில் பாருங்கள். முகத்து எண்ணெயோடு சேர்ந்ததும் சில பவுண்டேஷன்கள் ஒரு படி கறுத்துவிடும். கழுத்தின் நிறத்தோடு கோடு கரைந்து போனால் அதுவே உங்களுடையது. எல்லா நிறத்துக்கும் பொருந்தும் என்று விற்கப்படும் வெள்ளைப் பவுடரைப் பற்றியும் எச்சரிக்கை வேண்டும்: அதில் உள்ள சிலிக்கா நேரில் பார்க்கும்போது தெரியாமல் இருந்து, கேமராவின் ஃபிளாஷ் பட்டதும் வெளுத்துக் காட்டும். கோவில் திருமணப் படங்களில் மணப்பெண்ணின் கண்ணுக்குக் கீழே தெரியும் வெள்ளைத் திட்டுகள் பல நேரம் இப்படி வந்தவையே. அழகாகச் சிங்காரித்த ஒரு பெண்ணின் முகத்தில், காலமெல்லாம் வைத்திருக்கப்போகும் படத்தில், அதைப் பார்க்க எனக்கு மனம் பொறுப்பதில்லை. தோலின் நிறத்துக்கு நெருங்கிய, மஞ்சள் சாயல் கொண்ட பவுடர் நமக்குப் பெரும்பாலும் பொருந்தும்.

பவுண்டேஷனை நனைத்துப் பிழிந்த ஸ்பஞ்சால் மெல்லிய படலமாக ஒற்றி, தழும்போ கருமையோ தெரியும் இடத்தில் மட்டும் இன்னொரு முறை வைக்கவும். பவுடருக்கு, அதை ஒற்றும் மெத்தென்ற துணித் திண்டான பஃபே சிறந்தது: பஃபை இரண்டாக மடித்து, சிறிது பவுடரை எடுத்து, புறங்கையில் தட்டி உதிர்த்துவிட்டு, மடிப்பின் முனையை மூக்கோரக் குழிவில் பதித்துச் சற்று உருட்டி எடுக்க வேண்டும். கன்னமேட்டில் பவுடர் வைக்காமல் விடுவதையே நான் விரும்புகிறேன். அங்கே மிஞ்சும் லேசான ஒளிதான் முகத்துக்கு உயிர் தருகிறது.

மதியத்தில் மூக்கு மின்னத் தொடங்கினால் உடனே பவுடரைத் தேட வேண்டியதில்லை. வியர்வையை டிஷ்யூவாலும், அதன் பிறகு எண்ணெயை எண்ணெய் உறிஞ்சும் தாளாலும் ஒற்றி எடுங்கள். அதற்குப் பிறகும் மினுமினுப்பு இருந்தால் மட்டும், பஃபில் ஏற்கெனவே ஒட்டியிருக்கும் பவுடரை அந்த இடத்தில் ஒருமுறை அழுத்தினால் போதுமானது.