வைட்டம் காட்டுப் பட்டாணிக் குருவிகள்

ஆக்ஸ்போர்டிலிருந்து உல்வர்கோட் வரை பேருந்து. அங்கிருந்து தேம்ஸ் பாலத்தைத் தாண்டி, காட்ஸ்டோ கன்னிமாடத்தின் இடிந்த சுவர்களை ஒட்டி நடந்தால் அரை மணியில் வைட்டம் கிராமம் வந்துவிடுகிறது. கல் வீடுகள், ஒரு தேவாலயம், ஒரு மதுக்கூடம், அவ்வளவுதான் ஊர். அதன் முதுகில் ஏறுகிறது வைட்டம் காடு. சுமார் 1000 ஏக்கர் பரப்பு. 1940களில் பல்கலைக்கழகத்தின் கைக்கு வந்தது.

நான் போனது ஏப்ரல் கடைசியில். ஓக் மரங்களில் அப்போதுதான் இளந்தளிர் விட்டிருந்தது, தரையெங்கும் புளூபெல் பூக்கள் மலரத் தொடங்கியிருந்தன. ஆனால் நான் பார்க்க வந்தது பூக்களை அல்ல, கிளைகளில் தொங்கும் எண் போட்ட கூடுபெட்டிகளை. காடு முழுக்க ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. 1947இல் டேவிட் லாக் என்ற பறவையியலாளர் மார்லி என்ற பகுதியில் முதல் பெட்டிகளை மாட்டினார். அன்றிலிருந்து ஒவ்வொரு வசந்தத்திலும் யாராவது ஒருவர் வந்து, பெட்டியைத் திறந்து, முட்டையை எண்ணிக் குறித்து வைக்கிறார். உலகத்திலேயே மிக நீண்ட காலமாக நடக்கும் காட்டுப் பறவை ஆய்வுகளில் இது ஒன்று.

பறவை என்னவோ சாதாரணமானதுதான். பெரிய பட்டாணிக் குருவி. கறுப்புத் தலை, வெள்ளைக் கன்னம், மஞ்சள் மார்பின் நடுவே கழுத்துப்பட்டை மாதிரி ஒரு கறுப்புக் கோடு. இங்கிலாந்தில் எந்த வீட்டுத் தோட்டத்திலும் பார்க்கலாம். நம் நீலகிரியிலும் ஏற்காட்டிலும் திரியும் சாம்பல் நிறப் பட்டாணிக் குருவியை முன்பு இதே இனத்தோடுதான் சேர்த்திருந்தார்கள், இப்போது தனி இனமாகப் பிரித்துவிட்டார்கள். அதனால் அதன் குரலைக் கேட்டதும் தெரிந்தவரைப் பார்த்த மாதிரி இருந்தது. இரண்டே சுரம், எண்ணெய் போடாத கிணற்று ராட்டினம் சுற்றுவதுபோல விடாமல் திரும்பத் திரும்ப.

அந்தப் பாட்டு எதற்கு என்பதை இதே காட்டில்தான் சோதித்தார்கள். 1970களில் ஜான் கிரெப்ஸ் ஒரு சிறு தோப்பில் இருந்த ஆண் குருவிகளைப் பிடித்து அப்புறப்படுத்தினார். சில இடங்களில் ஒலிபெருக்கி வைத்துக் குருவிப் பாட்டைப் போட்டார், மற்ற இடங்களைச் சும்மா விட்டார். சும்மா விட்ட இடங்களில் புதுக் குருவிகள் சீக்கிரமே குடியேறின. பாட்டு கேட்ட இடத்துக்கு வரத்தான் தயங்கின. ஆளே இல்லாமல் பாட்டு மட்டும் எல்லையைக் காத்திருக்கிறது! எவ்வளவு எளிமையான சோதனை, எவ்வளவு தெளிவான பதில்.

தெரிந்தவர் ஒருவர் மூலம், பெட்டி பார்க்கும் ஆய்வு மாணவி ஒருவரோடு கொஞ்ச தூரம் நடக்கக் கிடைத்தது. பழைய மரப்பெட்டிகளில் மரநாய் இனத்தைச் சேர்ந்த வீசல் ஏறிக் குஞ்சுகளைத் தின்றுவிடுமாம். அதனால் 1970களில் சிமென்ட்டும் மரத்தூளும் கலந்து செய்த பெட்டிகளை எட்டாதபடி தொங்கவிட்டிருக்கிறார்கள். முதல் பெட்டியின் முகப்பைக் கழற்றியபோது உள்ளே பாசி மெத்தை, அதன்மேல் மான் ரோமம் மாதிரி ஏதோ ஒன்று. முட்டை இல்லையே என்று நினைத்தேன். அவர் விரல் நுனியால் ரோமத்தை விலக்கினார். வெள்ளையில் செம்பழுப்புப் புள்ளி தெறித்த முட்டைகள், ஆறு. தினம் ஒன்றாக இட்டு முடிக்கும்வரை தாய் அடைகாக்காது, வெளியே போகும்போதெல்லாம் மூடி வைத்துவிட்டுப் போகும். அடுத்த பெட்டியில் தாய் அடையில் இருந்தது. நகரவே இல்லை. சிறகை விரித்து, பாம்பு சீறுவது போலச் சீறியது. சுமார் 18 கிராம் எடையுள்ள பிராணி! மாணவி மெதுவாக மூடிவிட்டு, நோட்டில் ஒரு வரி எழுதிக்கொண்டு நகர்ந்தார்.

அந்த ஒரு வரியில்தான் எல்லாமே இருக்கிறது. பறவை பார்க்கும் நண்பர்கள் பலர் அபூர்வமான இனத்தைத் தேடி நாடு நாடாக அலைகிறார்கள். எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் சாதாரணக் குருவியை ஒரே காட்டில் தலைமுறை தலைமுறையாகப் பார்த்தால் கிடைப்பதை எந்த அபூர்வப் பறவையும் தராது என்று இங்கே நன்றாகப் புரிந்தது.

முட்டைக் கணக்கையே பாருங்கள். சராசரியாக எட்டு, ஒன்பது முட்டைகள் இடுகிறது. இன்னும் நிறைய ஏன் இடக்கூடாது? வளர்க்க முடிகிற அளவுக்குத்தான் இடும் என்றார் லாக். கிறிஸ் பெரின்ஸ் இங்கே குஞ்சுகளை எடை போட்டுப் பார்த்தபோது, கனமாகப் பறந்துபோன குஞ்சுதான் பிழைக்க அதிக வாய்ப்பு என்று தெரிந்தது. குஞ்சு அதிகமானால் பங்கு குறையும், எடையும் குறையும்.

உணவு என்பது பெரும்பாலும் ஓக் இலை தின்னும் கம்பளிப்பூச்சிகள். தாயும் தந்தையும் ஒரு நாளில் நூற்றுக்கணக்கான முறை கொண்டுவந்து ஊட்டும். தளிர் முற்றிவிட்டால் புழுவும் போய்விடும், ஆகவே நேரம் தப்பக்கூடாது. வசந்தம் சூடாகச் சூடாக இங்கே முட்டையிடும் நாளும் முன்னால் நகர்ந்திருக்கிறது. 1961 தொடங்கி 47 ஆண்டுப் பதிவுகளைப் பார்த்து, சுமார் 14 நாள் என்று 2008இல் வெளியான ஆய்வு சொன்னது. நெதர்லாந்தின் ஹோகே வெலுவே காட்டில் இதே குருவியால், கம்பளிப்பூச்சிகள் முன்னதாகவே வரத் தொடங்கிய வேகத்துக்கு அந்த அளவு ஈடுகொடுக்க முடியவில்லை. வைட்டத்துக்குள்ளேயேகூட இடத்துக்கு இடம் வித்தியாசம் இருக்கிறது. கூட்டைச் சுற்றி நலமான ஓக் மரங்கள் இருந்தால் குருவியும் சீக்கிரம் மாறிக்கொள்கிறது, நோயுற்ற மரங்களின் நடுவே மாற்றம் மெதுவாகிறது. ஒரு குருவிக்குப் பருவநிலை என்பது அதன் கூட்டைச் சுற்றியுள்ள சில மரங்கள்தான் என்பதை நான் அதுவரை யோசித்ததே இல்லை.

இப்போது குருவியின் காலில் மின்னணுக் குறியீடு வைத்த சிறு வளையம் போடுகிறார்கள். தீனித் தட்டில் வந்து உட்கார்ந்தாலே யார், எப்போது, யாரோடு என்று பதிவாகிவிடும். லூசி ஆப்ளினும் சகாக்களும் புழு வைத்த புதிர்ப்பெட்டிகளைக் காட்டில் வைத்தார்கள். கதவை நீலப் பக்கமிருந்தும் தள்ளலாம், சிவப்புப் பக்கமிருந்தும் தள்ளலாம். ஒவ்வொரு பகுதியிலும் இரண்டே ஆண் குருவிகளுக்கு ஒரு வழியைக் கற்றுக்கொடுத்து விட்டார்கள். அந்த வழியே அந்தப் பகுதியின் வழக்கமாகப் பரவியது, அடுத்த ஆண்டும் நிலைத்திருந்தது. 2015இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு இது. குருவிக்கும் ஊர்வழக்கம் உண்டு என்று படித்தபோது எனக்கு உண்மையிலேயே மனசு நிறைந்துபோனது.

போக நினைப்பவர்களுக்கு: நடைப்பயணிகள் முன்கூட்டியே பல்கலைக்கழகத்தில் அனுமதி வாங்க வேண்டும். நாய்களுக்கு அனுமதி இல்லை. பாட்டு கேட்க ஏப்ரலும் மே மாதமும் நல்லது, அதிலும் காலையில் சீக்கிரம் போங்கள். மேலே 'சிங்கிங் வே' என்ற பாதையில் ஏறினால் மரங்களுக்கு நடுவே நல்ல நடை. பெட்டிகளை எக்காரணம் கொண்டும் தொடாதீர்கள், அருகில் நெடுநேரம் நிற்கவும் வேண்டாம். தாய் வெளியே போயிருந்தால் திரும்பி வரத் தயங்கும்.