ஐப்பசி மழையில் கும்பகோணம் பக்கம்

ஐப்பசி 11, கும்பகோணம்

மழைக்கு மெயின் லைனில் வண்டி லேட். மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமானால், பயணத்தை விட்டுவிட்டு முழுப் பணத்தையும் திரும்பக் கேட்கலாம். ஆன்லைன் டிக்கெட்டுக்கு டிடிஆர் (பணத்தைத் திரும்பக் கேட்கும் மனு) போட வேண்டும். வண்டி நாம் ஏறும் ஸ்டேஷனை விட்டுக் கிளம்புவதற்குள் போட்டாக வேண்டும். வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் பணம் வராது.

உடனே தஞ்சாவூர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டாம். 40 கிலோமீட்டர் போய் இறங்கும்போது உச்சிப்பொழுது, பெரிய கோயிலில் நடை சாத்தியிருக்கும். சாயங்காலம் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். தாராசுரம் கோயில் பக்கம்தான், ஆனால் முன்புறம் பள்ளம். பெருமழையில் நந்தியைச் சுற்றித் தண்ணீர் கட்டிக்கொள்ளும். மழை நாளின் மத்தியானத்துக்கு ஏற்ற இடம் உலோகச் சிலை வார்க்கும் சுவாமிமலை பட்டறைகள்.

ஐப்பசி 12, சுவாமிமலை

டவுன் பஸ்ஸுக்குச் சில்லறை வேண்டும். இறங்கியதும் திரும்பி வரக் கடைசி வண்டி எப்போது என்று கண்டக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

பட்டறையில் முதலில் கண்ணில் படவேண்டியது ஒரு தென்னை ஓலைக் கீற்று. சிலையின் உயரத்துக்கு நறுக்கி, மடித்து மடித்து முகம், கழுத்து, மார்பு என்று பங்கு பிரிப்பார்கள். பெயர் ஒடியோலை. உத்தம தசதாளம் என்ற சிலை அளவு முறையில் மொத்தம் 124 பங்கு.

தேன்மெழுகோடு குங்கிலியம் சேர்த்து உரு பிடிக்கிறார்கள். அதன்மேல் காவிரி வண்டலை அரைத்து மெல்லிசாக முதல் பூச்சு. நகையின் நெளிவைப் பிடிப்பது இதுதான். பிறகு கனமான பூச்சுகள், கட்டுக்கம்பி. நிழலில்தான் காயணும், வெயிலில் வைத்தால் மெழுகு இளகி மண் வெடிக்கும். காய்ந்தபின் சுட்டு மெழுகை வடித்துவிட்டு உலோகத்தை ஊற்றுவார்கள். மண்ணில் ஈரம் மிச்சமிருந்தால் ஆவி கிளம்பிச் சிலையில் ஓட்டை விழும், அச்சே வெடிக்கவும் கூடும். அதனால் மழையில் வார்ப்பு தள்ளிப்போகும். ஆனால் மெழுகு வேலை நிற்காது. விரல் நகத்தளவு மெழுகில் ஒரு காது உருவாவதை உட்கார்ந்து பார்க்க இதைவிட நல்ல நாள் இல்லை. போட்டோ எடுக்குமுன் ஸ்தபதியிடம் கேளுங்கள்.

ஐப்பசி 27, மயிலாடுதுறை

ஐப்பசி கடைசி நாள் காவிரி நீராடலான கடைமுகத்துக்கு இப்போது ரூம் தேடி அலைய வேண்டாம். கும்பகோணத்தில் தங்கி, விடியற்காலை பஸ்ஸில் வரலாம். அன்றைக்கும் வண்டி தவறிவிட்டால் கார்த்திகை முதல் நாள் இங்குள்ள காவிரிப் படித்துறையான துலாக்கட்டத்துக்கு வாருங்கள். நடக்க முடியாமல் பிந்தி வந்தவனுக்கும் அதே பலன் கிடைத்ததாம். அந்த நாளுக்கே முடவன் முழுக்கு என்றுதான் பெயர்.