சைக்கிளுக்கு மின்மோட்டார் கிட்: தருவித்து விற்ற அனுபவம்

பல்லடத்தில் மோட்டார் வைண்டிங் பட்டறை நடத்திவரும் நான், சாதாரண சைக்கிளை மின்சைக்கிளாக மாற்றும் கிட்டுகளைத் தருவித்து விற்கத் தொடங்கிய வழியை இங்கே எழுதுகிறேன். திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும் சுற்றுவட்டாரத் தறிக்கூடங்களுக்கும் இன்றும் சைக்கிளிலேயே வேலைக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். நாள் முழுவதும் நின்று வேலை பார்த்துவிட்டு இரவில் எதிர்காற்றில் மிதித்து வீடு திரும்பும் அவர்களுக்காகவே இதில் இறங்கினேன். இந்தத் தொழிலுக்கு வர விரும்புகிறவர்கள் என்னிடம் மோட்டாரைப் பற்றித்தான் அதிகம் விசாரிக்கிறார்கள். என் அனுபவத்தில் கிட்டில் தொல்லை குறைந்த பொருள் மோட்டார்தான். சக்கரமும் பேட்டரியும் சரியாக அமைந்தால் வியாபாரம் நிலைக்கும், அமையாவிட்டால் நிலைக்காது.

பொருளைத் தேடுவதற்கு முன்பே சட்டத்தைப் படித்துவிட்டேன். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2(u) என்ற உட்பிரிவு, மோட்டாரின் 30 நிமிடத் திறன் (தொடர்ந்து அரை மணி நேரம் தரக்கூடிய திறன்) 250 வாட்டுக்குக் குறைவாகவும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவாகவும், பேட்டரி நீங்கலான எடை 60 கிலோவுக்கு மிகாமலும் உள்ள பேட்டரி வண்டியை மோட்டார் வாகனமாகக் கொள்ள வேண்டியதில்லை என்கிறது. அப்படியானால் பதிவும் ஓட்டுநர் உரிமமும் தேவையில்லை. ஆனால் இந்த அளவுகளை அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிறுவனம் ஒன்று சரிபார்த்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அதே விதியில் இருக்கிறது. பலர் அந்த வரியைப் படிக்காமலே கடை திறந்துவிடுகிறார்கள். புனேயிலுள்ள ஏ.ஆர்.ஏ.ஐ., மானேசரிலுள்ள ஐகாட் போன்றவை இத்தகைய நிறுவனங்கள். கிட் பொருத்திய ஒரு மாதிரி சைக்கிளை முறைப்படி சோதனைக்குக் கொடுத்துச் சான்று பெற்ற பிறகே விற்பனையைத் தொடங்கினேன். முதல் கிட் விற்பதற்கு முன் நான் செய்த செலவுகளில் அதுவே பெரியது. அதைச் செய்யாமல் இந்தத் தொழிலுக்கு வரக்கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை. பெட்ரோல் ஸ்கூட்டரை மின்வண்டியாக மாற்றும் கிட்டுகள் வேறு வகை. அவற்றுக்கு வகைச் சான்றும், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி பதிவுச் சான்றில் மாற்றமும் தேவை. அந்தப் பக்கம் நான் போகவில்லை.

சக்கரத்தின் நடுவில் அமரும் ஹப் மோட்டார்களைச் சீனாவின் சுசௌ, சாங்சௌ பகுதித் தொழிற்சாலைகள் பெருமளவில் செய்கின்றன. இவற்றில் உள்ளே பல்சக்கரம் உள்ளவை, பல்சக்கரம் இல்லாதவை என இரு வகை உண்டு. பல்சக்கரம் இல்லாதது கனமானது. உள்ளே தேய்மானம் குறைவு. பல்சக்கரம் உள்ளது எடை குறைந்தது, மேட்டில் நன்றாக இழுக்கும், மோட்டார் ஓடாதபோது சைக்கிள் கனக்காது. காங்கேயம், சென்னிமலைப் பக்கத்துச் சாலைகளின் மேடு பள்ளத்தை நினைத்து, பல்சக்கரம் உள்ள 36 வோல்ட், 250 வாட் வகைப் பின்சக்கர மோட்டாரையே தேர்ந்தெடுத்தேன். வந்த மாதிரிகளைப் பட்டறையிலேயே சோதித்தேன். மூன்று ஃபேஸ் கம்பிகளின் மின்தடையும் ஒன்றாக இருக்க வேண்டும். மோட்டார் சுழலும் நிலையை உணரும் ஹால் சென்சாருக்கு 5 வோல்ட் கொடுத்துச் சக்கரத்தைச் சுற்றும்போது மீட்டரில் ஒவ்வொரு சமிக்ஞைக் கம்பியும் 0க்கும் 5க்கும் மாறி மாறிக் காட்ட வேண்டும். இந்த வகை மோட்டாரில் உள்ளே கிளட்ச் இருப்பதால் சக்கரத்தைப் பின்பக்கமாகச் சுற்றினால்தான் ரோட்டார் சுழலும். முன்பக்கமாகச் சுற்றிப் பார்த்துவிட்டு நல்ல மோட்டாரைக் கெட்டதென்று ஒதுக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு மாதிரியைத் திறந்து, நைலான் பற்களையும் கிரீஸின் அளவையும் பார்த்த பிறகே ஆர்டர் கொடுத்தேன்.

இறக்குமதி வேலை பயந்த அளவுக்குக் கடினமாக இல்லை. ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண்ணை இணையத்திலேயே 500 ரூபாய் கட்டணத்தில் பெறலாம். பணம் 30 சதவீதம் முன்பணமாகவும் மீதி சரக்கு ஏற்றுவதற்கு முன்பும் போனது. தனிக் கன்டெய்னருக்குப் போதாத சரக்கு என்பதால் பிறருடைய சரக்கோடு சேர்ந்து தூத்துக்குடிக்குக் கப்பலில் வந்தது. இப்படி வரும் சரக்குக்குக் கப்பல் கட்டணத்தைவிடத் துறைமுகத்துக் கிடங்குச் செலவுகள் கூடுதலாக ஆகிவிடும். அந்தச் செலவுகளை முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்வது அவசியம். சுங்கத் தீர்வையோடு கட்டும் 18 சதவீத ஐ.ஜி.எஸ்.டி.யை (இறக்குமதிக்கான ஜி.எஸ்.டி.) உள்ளீட்டு வரியாக, அதாவது விற்பனையில் கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி.யில் கழித்து, எடுத்துக்கொள்ளலாம். 2019 ஆகஸ்ட் முதல் மின்வாகனங்களுக்கு உள்ள 5 சதவீத வரி முழு வண்டிக்கு உரியது. தனியாக விற்கும் மோட்டாருக்கு அது பொருந்தாது என்று எங்கள் ஆடிட்டர் முதலிலேயே தெளிவுபடுத்திவிட்டதால் விலையைச் சரியாக வைக்க முடிந்தது.

பேட்டரியை நான் இறக்குமதி செய்யவில்லை. லித்தியம் பேட்டரி ஆபத்தான சரக்குகளில் 9ஆம் வகுப்பைச் சேர்ந்தது, யு.என். 38.3 என்ற ஐ.நா. பாதுகாப்புச் சோதனையின் அறிக்கை இல்லாமல் அதை ஏற்ற மாட்டார்கள், தனி பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் அனுப்பவே முடியாது. அதைவிட எனக்குப் பெரிய காரணம், பழுதானால் திறந்து பார்க்க முடியாத பெட்டியைத் தொழிலாளியின் கையில் கொடுக்க மனம் ஒப்பவில்லை என்பதுதான். கிட்டின் விலையில் பாதிக்கு மேல் பேட்டரிக்கே போகிறது. அது ஒரு வருடத்தில் படுத்துவிட்டால் அவர் உழைப்பு வீண். ஆகவே கோயம்புத்தூரில் பேட்டரி அடுக்கித் தரும் ஒருவரிடம், லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையில் 32700 அளவுள்ள 6 ஆம்பியர்-மணி செல்களை, வரிசைக்கு 12 வீதம் இரண்டு இணையாக, மொத்தம் 24 வைத்துச் செய்துவாங்குகிறேன். 38.4 வோல்ட், 12 ஆம்பியர்-மணி, ஏறக்குறைய 460 வாட்-மணி கிடைக்கும். செல்களின் எடை மட்டும் மூன்றரைக் கிலோ அளவில் வரும். அதே கொள்ளளவுக்கு 18650 அளவுள்ள நிக்கல் வகை லித்தியம் செல்களைப் போட்டால் எடை நன்றாகக் குறையும் என்பது உண்மைதான். ஆனால் சித்திரை, வைகாசி வெயிலில் தகரக் கூரை போட்ட சைக்கிள் ஸ்டாண்டில் பகல் முழுவதும் நிற்கப்போகும் வண்டிக்கு, சூட்டைத் தாங்குவதிலும் ஆயுளிலும் இரும்பு பாஸ்பேட்டே மேலானது என்பது என் தீர்மானம். இதற்கு 43.8 வோல்ட் சார்ஜர் வேண்டும். சந்தையில் பரவலாகக் கிடைக்கும் 42 வோல்ட் சார்ஜரைப் போட்டால் செல்கள் முழுமையாக நிறையாது. எல்லாச் செல்களின் வோல்டேஜையும் ஒன்றுபோல் சமன்படுத்தும் வேலையும் நடக்காமல் போகலாம். ஆகவே ஒவ்வொரு பேட்டரிப் பெட்டியின் மேலும் சார்ஜர் அளவைத் தமிழில் எழுதி ஒட்டுகிறேன்.

அடுத்தது சக்கரம். நம் ஊரில் கேரியரும் ஸ்டாண்டும் வைத்த பழைய 28 அங்குல சைக்கிளின் முன்ரிம்மில் 32 துளை, பின்ரிம்மில் 40 துளை. ஹப் மோட்டாரில் பெரும்பாலும் 36 துளை. ஆகவே பழைய ரிம்மை வைத்து போக்ஸ் கம்பி கட்டவே முடியாது. பின்ஃபோர்க்கின் அகலமும் மோட்டாருக்கு வேண்டிய 135 மில்லிமீட்டரைவிட நன்றாகக் குறைவு. அந்தச் சைக்கிளின் கம்பி பிரேக்கில், பிரேக் பிடித்தவுடன் மோட்டாரை நிறுத்தும் சுவிட்சு வைக்கவும் இடமில்லை. இவ்வளவையும் மாற்றினால் செலவு சைக்கிளின் விலையை எட்டிவிடும். ஆகவே கேபிள் பிரேக் உள்ள, ஸ்டீல் ஃபிரேம் போட்ட 26 அங்குல சைக்கிள்களுக்கு மட்டுமே கிட் கொடுக்கிறேன். எங்கள் ஊர்ச் சைக்கிள் கடைக்காரர் ஒருவர் இரட்டைச் சுவர் ரிம்மில் தடித்த கம்பி கட்டிக் கோட்டம் எடுத்துத் தருகிறார். மோட்டார் வட்டம் பெரிது என்பதால் கம்பி குட்டையாக வேண்டும். நீளத்தைக் கணக்கிட்டு வெட்டி மரை போடுவதும் அவர்தான். அவருடைய கையில்லாமல் இந்த வியாபாரம் ஒரு நாள்கூட நடக்காது.

அச்சு சுழன்றுவிடாமல் பிடிக்கும் டார்க் ஆர்ம் பற்றியும் சொல்ல வேண்டும். மோட்டார் அச்சு 12 மில்லிமீட்டர், இருபக்கமும் 10 மில்லிமீட்டருக்குத் தட்டையாக்கப்பட்டது. நட்டு தளர்ந்தால் அச்சே சுழன்று உள்ளே போகும் கம்பிகளை அறுத்துவிடும். கிட்டோடு வரும் மெல்லிய வாஷரை நம்பாமல், கோவை கணபதியில் லேசரில் வெட்டிய தடித்த இரும்புத் தகட்டை ஒவ்வொரு கிட்டுக்கும் சேர்க்கிறேன். கம்பி வெளியேறும் முனையைக் கீழ்நோக்கி வைத்தால் மழைநீர் அச்சு வழியாக உள்ளே இறங்காது.

விற்கும்போது அதிகம் கேட்கப்படுவது, ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதுதான். கொஞ்சம் மிதித்துக்கொண்டே போனால் கிலோமீட்டருக்கு 10 முதல் 12 வாட்-மணி, மிதிக்காமல் ஆக்சிலேட்டரிலேயே போனால் 15 அல்லது அதற்கு மேல் என்று வைத்துக்கொண்டு, 30 கிலோமீட்டர் என்று மட்டுமே சொல்கிறேன். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எதிரே அடிக்கும்போது சூலூர் நோக்கிப் போகிறவருக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடுவதை ஓட்டிப் பார்த்தே அறிந்தேன். சோமனூர்ப் பக்கத்துத் தறிக்காரர் ஒருவர், “ஏனுங்க தம்பி, மிதிக்காமயே போகாதுங்களா?” என்று கேட்டார். “போகுமுங்கண்ணா, ஆனா ஆடிக் காத்துல நீங்களும் கொஞ்சம் மிதிச்சீங்கன்னா பேட்டரி வீடு வரைக்கும் நிக்குமுங்க” என்றேன். அவர் இரண்டு நாள் யோசித்துவிட்டு வந்து வாங்கிக்கொண்டார். 1000 வாட் மோட்டார் கேட்டு வரும் இளைஞர்களும் உண்டு. அது சட்டப்படி மோட்டார் வாகனம் ஆகிவிடும், சைக்கிள் பிரேக்கும் ஃபோர்க்கும் அந்த வேகத்துக்குச் செய்யப்பட்டவை அல்ல என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன்.

2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பேட்டரியைத் தன் பெயரில் சந்தைப்படுத்துகிறவரே பழையதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பையும் ஏற்க வேண்டும் என்கின்றன. எங்களுக்கு அடுக்கித் தருகிறவர் அந்த விதிகளின்படி பதிவு செய்திருப்பதால் பழுதான பேட்டரிகள் அவரிடமே திரும்பிப் போகின்றன. மோட்டார் ஆர்டர் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் ஹால் சென்சார், நைலான் பல்சக்கரம், ஆக்சிலேட்டர், பெடல் சென்சார், நீர்புகா இணைப்பிகள் ஆகியவற்றை உதிரியாகச் சேர்த்தே தருவிக்கிறேன். வைண்டிங் பட்டறைக்காரனுக்கு ஹால் சென்சார் மாற்றுவது ஒரு மணி நேர வேலைதான். கடைக்கு வருகிறவர் காலையில் சைக்கிளை விட்டுவிட்டுப் போனால் மாலை ஷிப்டு முடிந்து எடுத்துக்கொண்டு போகலாம்.