ஸ்டாரை எண்ணாதே, தபாலைப் பார்: எஸ்.ஐ. தேர்வுக்குக் காவல் நிர்வாகம் படித்த அனுபவம்

சீருடை போட்டு ஏழு வருடம் ஆனவளுக்குக் காவல்துறை நிர்வாகத்தைத் தனியாகப் படிக்க வேண்டுமா? இந்த நினைப்போடுதான் முதல் தடவை எஸ்.ஐ. (உதவி ஆய்வாளர்) தேர்வுக்குப் போனேன், துறையில் ஏற்கெனவே இருப்பவர்களுக்கான ஒதுக்கீட்டில். பொது அறிவில் தப்பித்தேன். சொந்தத் துறையில் கோட்டை விட்டேன். கட் ஆஃபுக்கு ஒன்றரை மதிப்பெண் குறைவு. ஒரு கேள்விக்கு அரை மதிப்பெண் என்ற கணக்கில் பார்த்தால், மூன்றே மூன்று கேள்வி.

நான் படித்த விதம் அப்படி. இரண்டாம் நிலைக் காவலர், முதல் நிலைக் காவலர், ஏட்டு, எஸ்.எஸ்.ஐ., எஸ்.ஐ., ஆய்வாளர், டி.எஸ்.பி. என்று டி.ஜி.பி. வரை வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்துவிட்டுப் போனேன். ஆய்வாளர் தோளிலும் டி.எஸ்.பி. தோளிலும் மூன்று ஸ்டார்தான், ஆய்வாளருக்குச் சிவப்பு நீல ரிப்பன் கூட இருக்கும் என்பது வரைக்கும் தெரியும். ஆனால் ஒரு உத்தரவில் யார் கையெழுத்துப் போட முடியும், அதை யார் ரத்து செய்ய முடியும் என்று கேட்டபோது விழித்தேன்.

பாரா டூட்டியில் (காவல் நிற்கும் பணியில்) உடன் இருந்த ஓர் ஏட்டய்யாவிடம் புலம்பினேன். "பாப்பா, ஸ்டாரை எண்ணிட்டு இருக்காத. தபால் எங்க போகுதுன்னு பாரு" என்றார். இரண்டாவது தடவை முழுக்க அதைத்தான் செய்தேன்.

முதலில் எடுத்துக்கொண்டது குண்டர் சட்ட ஃபைல். ஒருவரை முன்னெச்சரிக்கையாகக் காவலில் வைக்க வழி செய்யும் 1982-ஆம் ஆண்டின் 14-ஆவது தமிழ்நாடு சட்டம். பேப்பரில் செய்தியைக் கவனித்துப் படியுங்கள். மாவட்டமாக இருந்தால் "காவல் கண்காணிப்பாளர் பரிந்துரையின் பேரில் மாவட்ட ஆட்சியர் உத்தரவிட்டார்" என்று வரும். மாநகரமாக இருந்தால் "காவல் ஆணையர் உத்தரவிட்டார்" என்று முடிந்துவிடும். மாவட்டக் காவலுக்கும் ஆணையரகத்துக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இந்த ஒரு வரியில் இருக்கிறது. மாவட்டத்தில் எஸ்.பி. கேட்க வேண்டும், ஆட்சியர் கொடுக்க வேண்டும். மாநகரத்தில் கேட்பதும் கொடுப்பதும் ஒரே அலுவலகம்.

கையெழுத்தோடு தபால் நிற்பதில்லை. 12 நாளுக்குள் மாநில அரசு ஒப்புதல் தர வேண்டும், இல்லையென்றால் உத்தரவு காலாவதி. மூன்று வாரத்துக்குள் அறிவுரைக் கழகத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே இருப்பவர்கள் உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர்கள் அல்லது அந்தத் தகுதி உள்ளவர்கள். காவலில் வைத்த நாளிலிருந்து ஏழு வாரத்துக்குள் அவர்கள் அறிக்கை தர வேண்டும். போதிய காரணம் இல்லை என்று அவர்கள் சொல்லிவிட்டால் ஆளை விட்டாக வேண்டும். இதற்கு வெளியே உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு. ஒரே ஃபைலில் காவல்துறை, வருவாய்த்துறை, உள்துறை, நீதித்துறை நான்கும் வந்துவிடுகின்றன. நான் இந்தப் பாதையை ஒரு அட்டையில் வரைந்து பெட்டி மூடிக்குள் ஒட்டி வைத்திருந்தேன்.

ஆணையரகம் பற்றி இன்னொன்று. துணை ஆணையர்களுக்கு நிர்வாக நடுவர் (எக்ஸிகியூட்டிவ் மாஜிஸ்ட்ரேட்) அதிகாரம் கொடுத்த அரசாணைகளை 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்று சொன்னது. பிடிப்பவரே நடுவராகவும் உட்காரலாமா என்பதுதான் அதன் சாரம். பழைய கைடுகளில் இது இருக்காது. அவற்றில் ஆணையரகங்கள் ஏழு என்றுகூட இருக்கும். ஆவடியும் தாம்பரமும் 2022 ஜனவரியில் சேர்ந்து ஒன்பதாகிவிட்டது.

என்னைப் போலத் தென் மாவட்டத்திலிருந்து படிப்பவர்கள் சென்னைச் சொற்களில் தடுக்கி விழுவார்கள். நமக்குச் சரகம் என்றால் டி.ஐ.ஜி., மண்டலம் என்றால் ஐ.ஜி. வடக்கு, மத்திய, மேற்கு, தெற்கு என நான்கு மண்டலம். சென்னையில் சரகம் என்றால் உதவி ஆணையர், மண்டலம் என்றால் இணை ஆணையர். சொல் ஒன்று, நாற்காலி வேறு. உட்கோட்டம், டி.எஸ்.பி. என்பதெல்லாம் மாவட்டத்தோடு சரி.

அடுத்த தபால் நிலையத்துக்குள்ளேயே கிளம்புவது. ஒவ்வொரு நிலையத்திலும் தனிப்பிரிவுக் காவலர் ஒருவர் இருப்பார். அவர் ரிப்போர்ட் ஆய்வாளர் மேஜை வழியாகப் போகாது, நேராக எஸ்.பி.யின் தனிப்பிரிவுக்குப் போகும். ஆய்வாளரே அவரிடம் கொஞ்சம் மரியாதையாகப் பேசுவதை ஏழு வருடமாகப் பார்த்திருக்கிறேன், காரணம் யோசித்ததில்லை! மேற்பார்வை என்று பாடத்தில் படிப்பது இதுதான். 1955-ஆம் ஆண்டு ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் வரும் 3(ஏ), 3(பி) குற்றச்சாட்டு மெமோக்களும் இந்தக் கணக்கில்தான் சேரும். அவற்றை நம் ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, வாங்கியவர்களே பக்கத்து பாரக்கில் இருப்பார்கள்.

துறைக்கு வெளியே இருந்து கண்காணிப்பதுதான் நான் அதிக நேரம் செலவழித்த பகுதி. பிரகாஷ் சிங் வழக்கில் 2006 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஏழு கட்டளைகள் கொடுத்தது. மாநிலப் பாதுகாப்பு ஆணையம், டி.ஜி.பி.க்குக் குறைந்தது இரண்டு ஆண்டு பதவிக்காலம், மற்ற முக்கியப் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் அதேபோல், புலனாய்வையும் சட்டம் ஒழுங்கையும் பிரிப்பது, இடமாறுதலுக்குக் காவல் பணியமைப்பு வாரியம், புகார் ஆணையம், மத்திய அளவில் ஒரு தேசியப் பாதுகாப்பு ஆணையம். தமிழ்நாடு இதற்காக 2013-ல் காவல் சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்தது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். மாநிலப் புகார் ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற நீதிபதி தலைவராக இருக்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். நம் சட்டம் உள்துறைச் செயலாளரைத் தலைவராக்கியது. மாவட்டத்தில் ஆட்சியர். தபாலைப் பின்தொடர்ந்தால் இது கண்ணை உறுத்தும்: போலீஸ் மீது வரும் புகார், போலீஸை நிர்வகிக்கும் துறையின் செயலாளரிடமே போகிறது. இதை எதிர்த்து வழக்குகளும் போடப்பட்டன. வைவாவில் (நேர்முகத் தேர்வில்) இதைக் கேட்டால் இரண்டு நிலையையும் சொல்லுங்கள். உங்கள் கருத்து கேட்டால் மட்டும் கருத்து.

புலனாய்வைப் பிரிப்பதும் அப்படித்தான். சென்னை நிலையங்களில் சட்டம் ஒழுங்கு ஆய்வாளர், குற்றப்பிரிவு ஆய்வாளர் என்று தனித்தனியாக இருப்பதைப் பார்த்துப் பிரித்தாகிவிட்டது என்று எழுதிவிடாதீர்கள். குற்றப்பிரிவு பார்ப்பது பெரும்பாலும் திருட்டு, வழிப்பறி. கொலை வழக்கு சட்டம் ஒழுங்கு ஆய்வாளரிடம்தான் வரும்.

காவல் மரணத்துக்குத் தனி அட்டை போட்டேன். தேசிய மனித உரிமை ஆணையத்துக்கு 24 மணி நேரத்துக்குள் தகவல் போக வேண்டும். நீதித்துறை நடுவர் விசாரணை கட்டாயம், பழைய கு.வி.மு.ச. (குற்றவியல் விசாரணை முறைச் சட்டம்) 176(1ஏ), இப்போது அதன் இடத்தில் வந்த பி.என்.எஸ்.எஸ். 196. சாத்தான்குளத்தில் 2020 ஜூனில் நடந்த தந்தை, மகன் காவல் மரணத்தைப் படிக்கும்போது கை நடுங்கியது. ஒரு காவல் நிலையத்தையே வருவாய்த்துறைக் கட்டுப்பாட்டில் எடுக்கச் சொன்னது உயர் நீதிமன்ற மதுரைக் கிளை. கண்காணிப்பு என்ற சொல் எவ்வளவு தூரம் நீளும் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. மாநில மனித உரிமை ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு 2021-ல் சொன்னதையும் அதே அட்டையில் சேர்த்தேன்.

லஞ்ச ஒழிப்புத்துறையில் இருப்பவர்கள் போலீஸ்காரர்களாக இருந்தாலும், 1964-ல் தொடங்கிய அந்த இயக்ககம் டி.ஜி.பி. அலுவலகத்தின் கிளை கிடையாது. சி.பி.சி.ஐ.டி. துறைக்குள் இருப்பது. இந்த இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். ஆள் எடுப்பதில் காவலர், எஸ்.ஐ. சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம், டி.எஸ்.பி. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1, ஐ.பி.எஸ். யு.பி.எஸ்.சி. அவ்வளவுதான்.

படிக்க எதை எடுப்பது? காசு கொடுத்து வாங்கிய நோட்ஸைவிட எனக்கு உதவியது காவல்துறைக் கொள்கை விளக்கக் குறிப்பு. ஒவ்வொரு ஆண்டும் சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கை எண் 22-க்காக வைப்பார்கள், தமிழிலேயே அரசு இணையதளத்தில் கிடைக்கும். எந்தப் பிரிவு யாருக்குக் கீழே என்று அரசே சொல்லும் இடம் அது. அதோடு போலீஸ் நிலையாணைகள். 2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் சட்டங்கள் வந்துவிட்டதால், பழைய எண் இடப்பக்கம், புதிய எண் வலப்பக்கம் என்று கோடு போட்டு எழுதிக்கொள்ளுங்கள். எஃப்.ஐ.ஆர். 154 என்பது 173 ஆனது போல. நிலையத்தில் இன்னும் வாய் தவறிப் பழைய எண்தான் வரும்.

எழுத்துத் தேர்வு இந்த முறை தாண்டியது. வைவாவில் நடுவில் இருந்தவர், "உங்க எஸ்.பி.க்கு மேல யாரும்மா?" என்றார். பழைய நானாக இருந்தால் டி.ஐ.ஜி. என்று சட்டென்று சொல்லியிருப்பேன்.

"எந்தத் தபாலுக்குங்க ஐயா?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் பயம் வந்தது.

அவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துவிட்டு, "சரி, குண்டர் ஃபைலுக்கு" என்றார். பெட்டி மூடிக்குள் ஒட்டியிருந்த அட்டை கண்முன்னால் வந்தது. ஆட்சியரில் தொடங்கினேன்.