வெள்ளைப்படுதல் என்றுதான் நினைத்தேன்

எனக்கு வயது 46. கர்ப்பப்பையில் கட்டி, தீட்டு வந்தால் பன்னிரண்டு நாள் நிற்காது, ஹீமோகுளோபின் 7-க்கு இறங்கிவிட்டது. மாத்திரை, ஊசி எல்லாம் பார்த்து ஓய்ந்துதான் கர்ப்பப்பையையே எடுத்துவிடலாம் என்று சம்மதித்தேன், அதனால் எடுத்தது தப்பு என்று சொல்லவில்லை.

ஆபரேஷனுக்கு முதல் நாள் ராத்திரி நர்ஸ் நீட்டிய சம்மதத் தாளில் நாலு இடத்தில் கையெழுத்து. நானும் படிக்கவில்லை, வீட்டுக்காரரும் படிக்கவில்லை. ரத்தப்போக்கு, கிருமித் தொற்று, காலில் ரத்தம் உறைவது என்று போகிற வரிசையில் சிறுநீர்ப்பையில் காயம் படலாம் என்பதும் இருந்திருக்கிறது. எனக்கு இரண்டுமே சிசேரியன். அந்தப் பழைய தையல் பக்கம் சிறுநீர்ப்பை கர்ப்பப்பையோடு ஒட்டிக்கொண்டிருந்தால் பிரிக்கும்போது கிழிய வாய்ப்பு கூடுதலாம். இதை அப்புறம்தான் தெரிந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்து, ஒன்பதாம் நாள் கட்டிலை விட்டு எழுந்ததும் தொடையெல்லாம் ஈரம். "உள்தையல் ஆறுற வரைக்கும் அப்படித்தான்டி இருக்கும்" என்றார் அம்மா. ஆனால் பேடு அரை மணி நேரத்தில் கனத்துப்போனது, பாத்ரூம் போனாலோ ஒண்ணுக்கு நாலு சொட்டுதான். வெட்கத்தை விட்டு பேடை மோந்து பார்த்தேன். மூத்திர வாடை. ஆபரேஷன் செய்த இடத்துக்குப் போன் போட்டால் செக்கப் தேதிக்கு வாங்க என்றார்கள். காத்திருக்காமல் மறுநாளே மதுரையில் ஒரு யூராலஜி டாக்டரைப் பார்த்தோம். பிறப்புறுப்புக்குள்ளே மூன்று பஞ்சை வரிசையாக வைத்து, டியூப் வழியாகச் சிறுநீர்ப்பைக்குள் நீலச் சாயம் ஏற்றினார்கள். நடுப் பஞ்சு நீலமாக வந்தது. சிறுநீர்ப்பைக்கும் பிறப்புறுப்புக்கும் நடுவில் ஓட்டை, பெயர் ஃபிஸ்டுலா.

சின்ன ஓட்டை என்றால் டியூப் போட்டு வைத்தாலே சில பேருக்குத் தானாக மூடிக்கொள்ளுமாம். நான்கு வாரம் டியூபில் மாட்டிய மூத்திரப் பையைக் கல்யாண வீட்டுத் தாம்பூல மஞ்சள் பைக்குள் வைத்துத் தூக்கிக்கொண்டு திரிந்தேன். மூடவில்லை. உள்வீக்கம் வடியட்டும் என்று மொத்தம் மூன்று மாதம் காக்க வைத்தார்கள், பிள்ளைகளுக்கு வாங்கின ரப்பர் ஷீட்டைப் பரணிலிருந்து இறக்கி அதில் படுத்தேன். ஒழுகுமே என்று தண்ணீரைக் குறைத்தேன், அதற்கு டாக்டரிடம் நல்ல திட்டு, மூத்திரம் கெட்டியாகி தொடையெல்லாம் வெந்துபோயிருந்தது. அப்புறம் வயிற்றைத் திறந்து தைத்தார்கள், மறுபடி டியூப், பதினைந்து நாள் கழித்துச் சாயம் ஏற்றி எக்ஸ்ரே பார்த்துவிட்டுத்தான் எடுத்தார்கள். அன்று மத்தியானம் முட்டிக்கொண்டு வந்தது பாருங்கள், நர்ஸ் சிரித்தே விட்டார்.

ஆபரேஷன் ஆன சில வாரத்துக்குள் இப்படி ஈரம் தெரிந்தாலோ, காய்ச்சலோடு விலாவில் வலித்தாலோ, ஒரு கால் மட்டும் வீங்கினாலோ செக்கப் தேதி வரட்டும் என்று உட்காராதீர்கள். மூச்சு திணறினால் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

அடுத்த மாதம் என் நாத்தனாருக்கு இதே ஆபரேஷன். அந்தத் தாளை முன்கூட்டியே கேட்டு வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன். அவருக்கும் இரண்டு சிசேரியன்.