ரிசீவருக்கு இரண்டு பேட்டரி, மூன்று மாதக் கணக்கு

நோட்டில் ஏப்ரல் கடைசி ஞாயிறு இப்படி இருக்கிறது: "பே.1 – 390, பே.2 – 12." என் ரிமோட் ஜெட் விமானத்தில், ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவருக்கு இரண்டு பேட்டரி. ஐந்து முறை பறக்கவிட்டு வீட்டுக்கு வந்து சார்ஜ் போட்டபோது, ஒவ்வொரு பேட்டரியும் எத்தனை எம்.ஏ.எச். (மில்லி ஆம்பியர்-மணி, பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் அலகு) திரும்ப வாங்கிக்கொண்டது என்ற கணக்கு. அதற்கு முந்தைய இரண்டு ஞாயிறும் ஏறக்குறைய இதே எண்கள்தான். நான் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறேன். முதல் பேட்டரியே தாங்குகிறது, இரண்டாவது பத்திரமாகக் கையிருப்பில் இருக்கிறது என்று.

கொஞ்சம் பின்னால் போகிறேன். என்னிடம் இருப்பது 90 மி.மீ. மின்விசிறியில் ஓடும் ஃபோம் ஜெட். மண்ணெண்ணெயில் ஓடும் டர்பைன் எல்லாம் என் சம்பளத்துக்கு எட்டாது. போன வருஷம் இதற்கு முந்தைய ஜெட்டைப் பறிகொடுத்தேன். அதில் ரிசீவருக்கும், இறக்கை, வால் தட்டுகளை அசைக்கும் சின்ன மோட்டார்களான சர்வோக்களுக்கும் மின்சாரம், பெரிய மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈ.எஸ்.சி.யிலிருந்தே வந்தது. வேலூர் மே மாத வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. காற்றுப் புகாத வயிற்றுக்குள் ஈ.எஸ்.சி. சூடாகி 5 வோல்ட் தருவதை நிறுத்தியது. ஸ்டிக்கை எப்படி அசைத்தாலும் ஜெட் தன் பாட்டுக்குப் போய் ஒரு கொல்லை மேட்டில் மூக்கைக் குத்தியது. மோட்டார் நின்றால்கூட சறுக்கி இறக்கிவிடலாம். ரிசீவர் நின்றால் வேடிக்கைதான் பார்க்க முடியும்.

அதனால் புதியதில் ரிசீவருக்குத் தனி பேட்டரி, அதுவும் இரண்டு. எல்.ஐ.எஃப்.ஈ. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை, 2 செல், 1100 எம்.ஏ.எச். லித்தியம் பாலிமரை வேண்டாம் என்றதற்குக் காரணம் மறுபடியும் வெயில். காருக்குள் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய் வந்தால் அது அப்பளம் மாதிரி உப்பிக்கொள்கிறது. எல்.ஐ.எஃப்.ஈ. சூட்டைப் பொறுத்துக்கொள்ளும். செல்லுக்கு 3.3 வோல்ட், இரண்டுக்கும் சேர்த்து 6.6. ஒரே குறை, கிட்டத்தட்டக் காலியாகும்வரை அதே வோல்ட்டைக் காட்டிக்கொண்டிருக்கும். மீட்டரை வைத்து மீதி எவ்வளவு என்று சொல்ல முடியாது. நோட்டுப் போட்டு எழுத ஆரம்பித்ததே அதனால்தான்.

ஈ.எஸ்.சி.யின் 5 வோல்ட் இனி ரிசீவருக்குப் போகக் கூடாது என்று, அதன் பிளக்கில் இருக்கும் சிவப்பு கம்பியை உருவி, டேப் சுற்றி மடக்கிவிட்டேன். பிளக்கின் பக்கவாட்டில் சின்னதாகப் பிளாஸ்டிக் நாக்கு ஒன்று இருக்கும். ஊக்கு முனையால் அதை லேசாகத் தூக்கினால் கம்பி, முனையில் இருக்கும் உலோகப் பின்னோடு சேர்ந்து வழுக்கி வந்துவிடும். இந்த நாக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு பேட்டரியை நேராக இணைத்துவிட்டால், ஒன்றில் செல் ஷார்ட் ஆகும்போது நல்லதும் சேர்ந்து அதற்குள் வடிந்துவிடும். அதனால் ஒவ்வொன்றின் சிவப்பு கம்பியிலும் மின்சாரத்தை ஒரு பக்கமாக மட்டும் விடும் ஒரு ஷாட்கி டயோடு, 1என்5822. ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கி வந்தது. போகும் வழியில் 0.3 முதல் 0.5 வோல்ட் வரை தின்னும், 6.6இல் அது போனால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. முதலில் இரண்டு டயோடின் முனையையும் சேர்த்து ஒரே பிளக்கில் ரிசீவருக்குக் கொடுத்தேன். அப்புறம் உறைத்தது: அந்த ஒரு பிளக் கழன்றால் இரண்டு பேட்டரி இருந்து என்ன பயன்? தனித்தனி சுவிட்ச், தனித்தனி பிளக், ரிசீவரில் தனித்தனி துளை என்று பிரித்தேன்.

எங்கள் ஓடுதளம் கணியம்பாடி தாண்டி ஒரு மனைப்பிரிவு. வண்ணம் அடித்த கல் நட்டு, தார் ரோடு போட்டு, வீடு மட்டும் வராத இடம். பாலாற்று மணலில் சின்னச் சக்கரம் புதைந்துவிடும், தண்ணீர் இல்லாத ஆறு எங்களுக்கு அந்த வகையிலும் உதவவில்லை. அரக்கோணம் பக்கம் கடற்படை விமானத் தளம் இருப்பதால் அங்கே போவதே இல்லை. எங்கே போனாலும், எங்கே பறக்கவிடலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்த்துவிட்டுத்தான்.

அந்த ஏப்ரல் ஞாயிறு இரவு, அக்கா மகன் என் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தான். பாலிடெக்னிக் படிக்கிறவன்.

"இன்னா மாமா, ஒண்ணுதான் துன்னுது, இன்னொன்னு பட்டினியா கெடக்குது?"

"அது ஸ்பேர்டா. அவசரத்துக்கு."

"டயோடு போட்டா எதுல வோல்ட் ஜாஸ்தியோ அதானே குடுக்கும்? ஒண்ணு எறங்குனா அடுத்தது புடிச்சுக்கும். ரெண்டும் சரிக்குச் சரியா இல்ல எறங்கணும்?"

எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஜெட்டை மேஜையில் வைத்து முதல் பேட்டரியின் சுவிட்சை மட்டும் அணைத்தோம். ரிசீவர் விளக்கு அணைந்துவிட்டது. ஆக, மூன்று வாரமாக ஒற்றை பேட்டரியில்தான் பறந்திருக்கிறது.

ஏன் தெரியவில்லை? கிளம்பும் முன் பேட்டரியில் மீட்டர் வைத்துப் பார்ப்பேன். எதையும் கொடுக்காத பேட்டரி எப்போதும் முழுசாகத்தானே காட்டும். ரிமோட் திரையில் வரும் ரிசீவர் வோல்ட்டோ டயோடுகளுக்கு அப்புறம் உள்ளது. அதை நிமிர்த்திக் காட்ட ஒரு பேட்டரியே போதும். ஒற்றை பேட்டரியாக இருந்திருந்தால் பிளக் கழன்ற அன்றே, தரையிலேயே தெரிந்திருக்கும். இரண்டாவதைப் போட்டதால் கோளாறுக்கு ஒளிந்துகொள்ள இடம் கிடைத்துவிட்டது.

கோளாறு எங்கே என்றால், அந்த நாக்கில். சிவப்பு கம்பி உருவுவதற்கு நான் பழகிப் பார்த்த பழைய பிளக் ஒன்றைச் சிக்கனம் பார்த்து இரண்டாவது பேட்டரிக்குப் போட்டிருக்கிறேன். பலமுறை தூக்கியதில் நாக்கின் விறைப்பு போயிருக்கிறது. ரிசீவரில் அழுத்தும்போது உள்ளே இருக்கும் பின் மூன்று மில்லிமீட்டர் பின்வாங்கியிருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் பிளக் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. கம்பியை இழுத்தால் கையோடு வந்தது.

புதுப் பிளக் போட்டாயிற்று. இப்போது கிளம்பும் முன் முதல் சுவிட்சை மட்டும் போட்டு எல்லா சர்வோவையும் பத்து விநாடி ஒன்றாக ஆட்டுகிறேன். அணைத்துவிட்டு இரண்டாவதை மட்டும் போட்டு அதே ஆட்டம். அதற்கப்புறம்தான் இரண்டும். பெரிய ஜெட் வைத்திருப்பவர்கள் இதை எல்லாம் பார்த்துச் சொல்லும் பெட்டி வாங்கி மாட்டுகிறார்கள். என் ஜெட்டின் விலையில் பாதி ஆகும், அதனால் நோட்டும் அக்கா மகனும் போதும்.

போன ஞாயிறு: பே.1 – 205, பே.2 – 193. இந்தப் பன்னிரண்டு வித்தியாசம் எதனால் என்று அவன் நோண்டிக்கொண்டிருக்கிறான். இரண்டாவதன் கம்பி ஒரு சாண் நீளம் கூடுதல், அதுவாக இருக்கும் என்கிறான். இந்த வாரம் வெட்டிப் பார்க்கிறோம்.