ரத்தான ஜிஎஸ்டி எண்ணும் மதுரைக் கிளையும்

2023 தீபாவளி முடிந்த வாரம். பதினாலு மாதம் பூட்டிக் கிடந்த எங்கள் அட்டைப்பெட்டிப் பட்டறையை மறுபடி திறந்திருந்தோம். பசைத் தொட்டியைக் கழுவி, மிச்சமிருந்த கிராஃப்ட் பேப்பர் ரீல்களை உருட்டி, சிவகாசியில் ஓர் அச்சகத்துக்கு 3 பிளை (மூன்று அடுக்கு) பெட்டி 2,000 அடித்துக் கட்டி வைத்தாயிற்று. பில் போடுவதற்கு முன்னால் அச்சகத்துக் கணக்குப்பிள்ளை போன் செய்தார்.

“அண்ணாச்சி, உங்க ஜிஎஸ்டி நம்பரைப் போட்டுப் பார்த்தேன். ‘கேன்சல்டு சுவோ மோட்டோ’ன்னு வருது. இந்த நம்பர்ல பில் வாங்கினா எங்களுக்கு ஐடிசி நிக்காது. சரி பண்ணிட்டு அனுப்புங்க.”

ஐடிசி என்றால் உள்ளீட்டு வரிக் கடன், அதாவது சரக்கு வாங்கும்போது கட்டிய வரியைத் தாங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது. சுவோ மோட்டோ என்றால் தானாக முன்வந்து. அதாவது நான் கேட்காமலே துறை என் பதிவை ரத்து செய்திருக்கிறது. அதுவும் ஒன்பது மாதத்துக்கு முன்னால்.

தப்பு என் பக்கம் இருந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2022 ஆகஸ்டில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த பையன் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். அந்த மாதக் கடைசியிலேயே அப்பாவுக்குப் பக்கவாதம். ஆஸ்பத்திரி, பிசியோதெரபி என்று அலைந்ததில் பட்டறையைச் சாத்தினேன். ஜூலை, ஆகஸ்டில் நடந்த விற்பனைக்கு ரிட்டர்ன் போடவில்லை. செப்டம்பரிலிருந்து வியாபாரமே இல்லை. வியாபாரம் இல்லாவிட்டாலும் நில் ரிட்டர்ன், அதாவது பூஜ்யக் கணக்கு, போட வேண்டும் என்பது தெரியாத ஆள் இல்லை நான். தெரிந்தும் விட்டுவிட்டேன். போர்ட்டலில் பதிந்திருந்த மொபைலும் இமெயிலும் அந்தப் பையனுடையவை. நோட்டீஸ் வந்ததெல்லாம் அவனுக்குத்தான் போயிருக்கிறது. அவன் வேறு கம்பெனிக் கணக்கில் மூழ்கியிருந்தான், பார்க்கவில்லை.

அவனுக்கே போன் போட்டு, ஓடிபி கேட்டு வாங்கி, பாஸ்வேர்டை மாற்றி உள்ளே போனேன். 2023 ஜனவரிக் கடைசியில் ஒரு காரண விளக்க நோட்டீஸ். ‘தொடர்ந்து ஆறு மாதம் ரிட்டர்ன் தாக்கல் செய்யவில்லை’ என்று ஒரே வரி. ஏழு வேலை நாளில் பதில் சொல்ல வேண்டும். அந்தக் கெடுவுக்குள் நிலுவை ரிட்டர்ன்களைப் போட்டுப் பணத்தைக் கட்டியிருந்தாலே நடவடிக்கையைக் கைவிட்டிருப்பார்கள், விதியிலேயே அதற்கு இடமிருக்கிறது. அடுத்து பிப்ரவரி 9 தேதியிட்ட ரத்து உத்தரவு.

அந்த உத்தரவைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். முதல் வரியில் ‘உங்கள் 03/02/2023 தேதியிட்ட பதில் தொடர்பாக’ என்று இருந்தது. அதற்கு இரண்டு வரி கீழே, ‘நோட்டீஸுக்குப் பதில் எதுவும் தாக்கல் செய்யப்படாததால்’ என்று இருந்தது. அதற்கும் கீழே ஒரு கட்டம்: மத்திய வரி, மாநில வரி, ஒருங்கிணைந்த வரி, செஸ். எல்லாவற்றுக்கும் நேராக 0.00. பதிலே அனுப்பாத எனக்கு ஒரு பதில் தேதி. 61 ஆயிரத்துச் சொச்சம் வரி கட்ட வேண்டிய எனக்கு பாக்கி பூஜ்யம். மென்பொருளில் அச்சாகிற வாசகம் அப்படியே வந்து விழுந்திருக்கிறது, மனிதக் கண் எதுவும் அதன் மேல் ஓடவில்லை. இதே மாதிரி உத்தரவுகளை நிறையப் பார்த்திருக்கிறேன் என்று பிற்பாடு வக்கீல் சொன்னார்.

ஆடிட்டரிடம் போனேன். அவர் ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டே வந்தார். ரத்தை விலக்கக் கோரும் மனுவுக்கு அப்போது 30 நாள் கெடு, போயாச்சு. 2023 அக்டோபரிலிருந்து அதை 90 நாளாக்கினார்கள், அப்படியே எடுத்துக்கொண்டாலும் நான் ஒன்பது மாதம் தாண்டியவன். மேல்முறையீட்டுக்கு மூன்று மாதம், தக்க காரணம் காட்டினால் கூட ஒரு மாதம். அதற்கு மேல் ஒரு நாள்கூடத் தாமதத்தை மன்னிக்க மேல்முறையீட்டு அதிகாரிக்குச் சட்டம் அனுமதி தரவில்லை. நடுவில் அரசாங்கம் ஒரு சலுகைத் திட்டம் கொண்டுவந்ததே என்று கேட்டேன். அது 2022 டிசம்பர் 31-க்குள் ரத்தானவர்களுக்கு மட்டும். நாற்பது நாள் முன்னாடியே என்னை ரத்து செய்திருந்தால் 2023 ஆகஸ்ட் வரை நேரம் கிடைத்திருக்கும்!

“புதுசா ஒண்ணு எடுத்துடலாமா?” என்றேன். பழைய பாக்கி இருக்கும்போது அதே பான் எண்ணில் கேட்டால் நிராகரிக்கத்தான் வாய்ப்பு அதிகம் என்றார். வீட்டுக்காரி பேரில் எடுக்கலாம் என்று பக்கத்துப் பட்டறைக்காரர் யோசனை சொன்னார். ஊரில் பலரும் செய்வதுதான். எனக்குச் சரிப்படவில்லை. இருபத்திரண்டு வருடப் பெயர் அது, அப்பா ஆரம்பித்தது.

வரி அலுவலகத்துக்கும் போய்ப் பார்த்தேன். அந்த அதிகாரி உட்காரச் சொல்லி, அப்பாவின் டிஸ்சார்ஜ் சம்மரியைப் படித்தார். பிறகு கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினார். “பாருங்க சார், கெடு முடிஞ்சதும் உங்க மனுவை வாங்குற லிங்க்கே மூடிடும். எனக்கு மனசு இருக்கு, ஸ்கிரீன்ல பட்டன் இல்ல. கோர்ட் ஆர்டர் கொண்டாங்க, செஞ்சு தர்றோம்.” துறை அதிகாரியே கோர்ட்டுக்குப் போகச் சொன்னது அன்று எனக்கு வினோதமாக இருந்தது.

எங்கள் மாவட்டம் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குக் கட்டுப்பட்டது. 2004 ஜூலையில் அந்தக் கிளை வராமல் போயிருந்தால் ஒவ்வொரு வாய்தாவுக்கும் சென்னைக்கு ரயில் ஏற வேண்டியிருக்கும். தெரிந்தவர் மூலம் வரி வழக்குகள் பார்க்கும் வக்கீல் ஒருவரைப் பிடித்தேன். நான் அந்த உத்தரவைத் தூக்கி மேசையில் வைத்து, முதல் வரியும் மூன்றாவது வரியும் அடித்துக்கொள்வதைக் காட்டி, “இதை வச்சே ரத்து பண்ணிடலாமே சார்” என்றேன். கொஞ்சம் வீராப்பாகத்தான்.

அவர் சிரித்தார். “பண்ணலாம். மனசைச் செலுத்தாம போட்ட உத்தரவுன்னு சொல்லி ரத்தே ஆகலாம். ஆனா என்ன நடக்கும்? புதுசா நோட்டீஸ் குடுத்து மறுபடி விசாரிங்கன்னு அதே ஆபீசுக்குத் திருப்பி அனுப்புவாங்க. அங்க ஆறு மாசம் போகும். உங்களுக்கு ஜெயிக்கணுமா, பில் போடணுமா?”

பில் போடணும் என்றேன்.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். மேல்முறையீட்டுக் கெடுவைக் கோட்டைவிட்டவர் நேராக ரிட் மனுவோடு ஐகோர்ட்டுக்கு வந்துவிட முடியாது. 2020-இல் கிளாக்ஸோ ஸ்மித்க்ளைன் வழக்கில், கெடு முடிந்துபோனது என்ற ஒரே காரணத்துக்காக வரி மதிப்பீட்டு உத்தரவுக்கு எதிரான ரிட் மனுவை எடுத்துக்கொள்ளக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக, அரசுத் துறையின் கையைக் கட்டுகிற ஐகோர்ட்டும் தன் கையை எங்கே நீட்டலாம் என்று பார்த்துத்தான் நீட்ட வேண்டும். ஆனால் பதிவு ரத்து விஷயத்தில் சென்னை உயர் நீதிமன்றம் தனியாக ஒரு வழி போட்டிருக்கிறது. 2022 ஜனவரி 31-ஆம் தேதி, சுகுணா கட்பீஸ் சென்டர் வழக்கும் அதோடு சேர்ந்த பல மனுக்களும். எல்லாரும் என்னைப் போல ரிட்டர்ன் போடாமல் பதிவை இழந்து, கெடுவையும் இழந்தவர்கள். அரசியல் சாசனத்தின் 19(1)(ஜி) தருகிற தொழில் செய்யும் உரிமையை அடியோடு மறுக்கும்படி ஜிஎஸ்டி சட்டத்துக்குப் பொருள் கொள்ள முடியாது என்றது நீதிமன்றம். இவர்களை ஜிஎஸ்டி வளையத்துக்கு வெளியே நிறுத்துவதால் யாருக்கும் பயனில்லை, வரி வருமானத்துக்கும் அது உதவாது என்றது. 226-வது பிரிவின் கீழ் நிபந்தனைகளோடு பதிவுகளை மீட்டுக் கொடுத்தது. அதன் பிறகு வந்த மனுக்களில் பெரும்பாலும் அதே வழிதான்.

மனு தாக்கலான நாளில் ஒத்தக்கடையில் டீ குடித்துக்கொண்டே அவர் இன்னொரு வழக்கைச் சொன்னார். போன் கால் பாதியில் அறுந்தால் வாடிக்கையாளருக்கு ஒரு ரூபாய், நாளைக்கு மூன்று தடவை வரை தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதி போட்டது ஞாபகமிருக்கிறதா? 2016 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்த விதியையே செல்லாது என்றுவிட்டது. விதி போடும் அதிகாரம் இருந்தாலும் தன்னிச்சையாகப் போட முடியாது என்பது காரணம். “அது விதியையே தூக்கின வழக்கு. உங்களுது அப்படி இல்ல. சட்டம் அப்படியே இருக்கும், அதிகாரி பண்ணினதும் அப்படியே இருக்கும். உங்களுக்கு மட்டும் கதவைத் திறப்பாங்க. அதனால அஃபிடவிட்ல யாரையும் திட்டாதீங்க.”

திட்டித்தான் எழுதிக் கொடுத்திருந்தேன். நாலு பக்கத்தில் இரண்டு பக்கத்தை அடித்துவிட்டார். 0.00 கட்டத்தைப் பற்றி நான் எழுதியிருந்ததில் ஒரே வாக்கியம் மிஞ்சியது. அப்பாவின் சிகிச்சை, பதிவான போன் நம்பர், நிலுவையைக் கட்டத் தயார் என்ற உறுதி, இவ்வளவுதான் முன்னே நின்றன. டைப்டு செட்டில், அதாவது மனுவோடு இணைக்கும் ஆவணத் தொகுப்பில், நோட்டீஸ், உத்தரவு, ஆஸ்பத்திரிச் சீட்டுகள்.

2024 மார்ச்சில் லிஸ்ட்டில் வந்தது. மனுதாரர் வர வேண்டிய அவசியமில்லை, நான்தான் பார்க்க ஆசைப்பட்டேன். காலை ஐந்து மணி பஸ், மாட்டுத்தாவணியில் இறங்கி ஆட்டோ. எங்கள் வரிசை எண் 61. பதினொன்றரைக்கு 20-இல் நின்றது. ஒரு நில வழக்கு முக்கால் மணி நேரத்தை விழுங்கியது. பிறகு சரசரவென்று நகர்ந்தது. எங்கள் எண்ணைக் கூப்பிட்டதும் வக்கீல் எழுந்து, சுகுணா தீர்ப்பில் அடங்கும் வழக்கு என்றார். அரசு வழக்கறிஞர் துறைக்காக நோட்டீஸைப் பெற்றுக்கொண்டு, அதே நிபந்தனைகளை விதித்தால் ஆட்சேபமில்லை என்ற மாதிரி ஏதோ சொன்னார். நீதிபதி பக்கத்தைப் புரட்டி, “ரிட்டர்ன் எல்லாம் போட்டுருவாரா?” என்று கேட்டார். “போட்டுருவார், மை லார்ட்.” அவர் சுருக்கெழுத்தாளரிடம் சொல்லத் தொடங்கினார். மொத்தம் இரண்டு நிமிடம்கூட இருக்காது. நாலு மாதம் தூக்கத்தைக் கெடுத்த விஷயம். வெளியே வந்து, “முடிஞ்சுதா சார்?” என்று இரண்டு தடவை கேட்டேன்.

உத்தரவு நகல் பத்து நாளில் கைக்கு வந்தது. ரத்தாவதற்கு முந்தைய காலத்து ரிட்டர்ன்கள் எல்லாவற்றையும் 45 நாளுக்குள் வரி, வட்டி, தாமதக் கட்டணத்தோடு போட வேண்டும். அதைக் கையிலிருக்கும் உள்ளீட்டு வரிக் கடனிலிருந்து கழிக்கக் கூடாது, ரொக்கமாகவே கட்ட வேண்டும். அந்தக் கடனைத் துறை சரிபார்த்து ஒப்புக்கொண்ட பிறகுதான் தொடலாம். இந்த ரொக்க நிபந்தனைதான் உறைத்தது. அந்தக் கடன் லெட்ஜரில் 38 ஆயிரம் கிடந்தது. சாதாரணமாக என்றால் அதைக் கழித்து மீதியைத்தான் கட்டியிருப்பேன். வரி 61,400, வட்டி 17,700, தாமதக் கட்டணம் 6,500, ஆக 85,600. மனைவியின் வளையல் ஒன்று வங்கிக்குப் போனது. இதே சிக்கலில் இருப்பவர்களுக்கு ஒரு தகவல்: ரிட்டர்ன் படிவமான 3பி-யில் பணம் செலுத்தும் பக்கம் தானாகவே அந்த வரிக் கடனை எடுத்து நிரப்பிக் காட்டும். அதைக் கவனமாக அழித்துவிட்டு ரொக்கக் கட்டத்தில் எண்ணைப் போட வேண்டும். அவசரத்தில் ‘ஆஃப்செட்’ அமுக்கிவிட்டால் நிபந்தனையை மீறினவர் ஆகிவிடுவீர்கள்.

கட்டிய ரசீதுகளோடும் உத்தரவு நகலோடும் அதே அதிகாரியிடம் போனேன். கோர்ட் ஆர்டர் வந்தாலும் போர்ட்டல் உடனே வழிவிடவில்லை. அவர் ஹெல்ப்டெஸ்க்குக்கு டிக்கெட் எழுதினார். அவர்கள் நகல் தெளிவாக இல்லை என்றார்கள், மறுபடி ஸ்கேன் செய்து அனுப்பினோம். வாரம் ஒரு முறை போய் நின்றேன், சலித்துக்கொள்ளாமல் திறந்து பார்த்துச் சொன்னார். மே மாத நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை அவரே போன் செய்தார். “இப்ப பாருங்க சார், ஆக்டிவ்னு வந்திருக்கும்.”

வந்திருந்தது. ஆனால் அதோடு விடவில்லை. ரத்தாகியிருந்த காலத்துக்கும் ரிட்டர்ன் போட வேண்டும், மீட்பு உத்தரவிலிருந்து 30 நாளுக்குள். பதினாலு நில் ரிட்டர்ன், ஒவ்வொன்றுக்கும் 500 ரூபாய் தாமதக் கட்டணம். ஒன்றுமே நடக்காத மாதங்களுக்கு ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்ல 7,000 ரூபாய். வக்கீல் கட்டணம், டைப்பிங், பஸ், ஆட்டோ எல்லாம் சேர்த்து 30 ஆயிரத்துக்குச் சற்றுக் கீழே.

அச்சகத்துக்காக அடித்த 2,000 பெட்டியை அவர்கள் எப்போதோ வேறு இடத்தில் வாங்கிவிட்டார்கள். மழைக்காலத்தில் ஈரம் குடித்து அவை அடுக்கிலேயே தொய்ந்துபோயின. எடைக்குத்தான் போட்டேன். ஜூனில் புது ஆர்டர் வந்தது, 5 பிளை, 800 பெட்டி. பில் அனுப்பின அன்றைக்கு அதே கணக்குப்பிள்ளை போன் செய்தார், “நம்பர் ஆக்டிவ்னு காட்டுது அண்ணாச்சி, பேமெண்ட் முப்பது நாள்ல.” போர்ட்டலில் இப்போது என் மொபைல் எண்தான் இருக்கிறது. 38 ஆயிரம் மட்டும் இன்னும் சரிபார்ப்பில் கிடக்கிறது. போன மாதம்தான் மூன்றாவது தடவையாக மனு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.